குதிரைக்கு வட்டம் வட்டமாக முடி உதிர்கிறது: படர்தாமரையா, மழைப் பொருக்கா?

செவலைக்காரன் (ஈரோடு மாவட்டம்)

வணக்கம். வீட்டில் இரண்டு குதிரைகள். ஒன்று நான்கு வயது மார்வாரி பெண் குதிரை, செவலை. இன்னொன்று ஆடியில் ஒரு சந்தையில் வாங்கிய ஒன்றரை வயது ஆண் குட்டி. முதலில் குட்டிக்குத்தான் வந்தது. கழுத்திலும் தோளிலும் முடி கொத்துக் கொத்தாகச் சிலிர்த்து நின்றது. தடவினால் அடியில் சின்னச் சின்ன வீக்கம் தெரிந்தது. அப்புறம் அந்தக் கொத்து கழன்று விழுந்து, காசு அளவு வட்டத்தில் சாம்பல் நிறச் செதிளோடு தோல் தெரிகிறது. இப்போது செவலைக்கும் வயிற்று வார் போடும் இடத்தில் அதே மாதிரி ஆரம்பித்திருக்கிறது. சொறிந்துகொள்வதில்லை, தீனியும் குறையவில்லை.

மருந்துக்கடையில் மனிதர்களுக்குத் தரும் ஒரு களிம்பைக் கொடுத்தார்கள். குளோபெட்டசால் இருக்கிறது, கூடவே பூஞ்சை மருந்தும் இருக்கிறது. இன்னும் தடவவில்லை. சீமை அகத்தி இலையை அரைத்துப் போடு என்கிறார் அப்பா. எதைப் போடலாம்? மாடுகளும் அதே கொட்டகையில்தான் நிற்கின்றன. பிள்ளைகளும் குதிரையோடுதான் விளையாடுவார்கள்.

மலைச்சாரல் (ஊட்டி)

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் முடி உதிர்ந்தால், முக்கால்வாசி அது நனைந்து நனைந்து வரும் பொருக்குதான். அது பெரும்பாலும் முதுகிலும் இடுப்பு மேட்டிலும், மழைத்தண்ணீர் வழிந்து இறங்குகிற பாதையிலேயே வரும். ஒரு பொருக்கை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஈரமும் சீழும் இருந்து, முடியெல்லாம் பெயின்ட் பிரஷ் மாதிரி பொருக்கோடு ஒட்டிக்கொண்டு வந்தால் அது மழைப் பொருக்கு. நனையாமல் கட்டி, பொருக்கை ஊறவைத்து எடுத்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி போட்டுக் கழுவினாலே பாதி சரியாகிவிடும்.

லாயத்து டாக்டர்

மலைச்சாரல் சொன்ன சோதனை நல்ல சோதனை. அந்த நோயைக் கிளப்புவது டெர்மட்டோஃபைலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியா. பார்ப்பதற்குப் பூஞ்சை நோய் போலத் தெரிந்தாலும் பூஞ்சை மருந்துக்கு அது அசையாது. பொருக்கின் அடிப்பகுதியைக் கண்ணாடியில் ஒற்றிச் சாயமேற்றிப் பார்த்தால், உருண்டை உருண்டையான கிருமிகள் இரட்டை வரிசையாக நீளமாக அடுக்கியிருக்கும். ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது.

ஆனால் செவலைக்காரன் எழுதியிருப்பது வேறு கதை. புதிதாக வந்த இளம் குட்டிக்கு முதலில் வந்திருக்கிறது, சில வாரம் கழித்துப் பக்கத்துக் குதிரைக்கு வந்திருக்கிறது. உலர்ந்த செதிள், வட்டம், அரிப்பு இல்லை, வார் உரசும் இடம். இவ்வளவும் சேர்ந்தால் என் முதல் சந்தேகம் படர்தாமரை. குதிரைகளில் இதற்கு முக்கியக் காரணம் ட்ரைக்கோஃபைட்டான் ஈக்வினம் என்ற பூஞ்சை. மாட்டோடு கட்டியிருந்தால் ட்ரைக்கோஃபைட்டான் வெருகோசம் வரலாம். மண்ணிலிருந்து ஏறும் மைக்ரோஸ்போரம் ஜிப்சியமும் உண்டு. தொற்றியதிலிருந்து தோலில் தெரிய பொதுவாக ஒன்றிலிருந்து நான்கு வாரம் ஆகும். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தி பழகியிராது, அதனால் அவைதான் முதலில் மாட்டும்.

இருந்தாலும் திரையில் படித்து முடிவு சொல்ல மாட்டேன். முடி இல்லாத வட்டம் என்பது சார்காய்டு என்ற தோல் கட்டியின் தொடக்கமாக இருக்கலாம், ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி முடிக்காலில் புகுந்ததாக இருக்கலாம், உடம்பே தன் தோலைத் தாக்கும் பெம்ஃபிகஸாகவும் இருக்கலாம். எதையும் தடவுவதற்கு முன்னால் மாதிரி எடுங்கள். இன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை இது ஒன்றுதான்.

மாதிரி எடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இங்கேதான் பாதி பேர் சொதப்புகிறார்கள். வட்டத்தின் நடுவில் எடுக்கக் கூடாது. அங்கே பூஞ்சை முக்கால்வாசி செத்திருக்கும். நோய் உயிரோடு இருப்பது ஓரத்தில். கையுறை போட்டுக்கொண்டு அந்த இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லேசாக ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். தோல்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் மற்றப் பூசணங்கள் இதில் குறையும். பிறகு ஓரத்தில் இருக்கும் உடைந்த, மங்கிப்போன முடிகளை இடுக்கியால் முடி வளரும் திசையிலேயே வேரோடு பிடுங்குங்கள். கூடவே கொஞ்சம் செதிளையும் சுரண்டி எடுங்கள். காகிதக் கவரில் போடுங்கள், பிளாஸ்டிக் பை வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஈரம் கட்டி வேறு பூசணங்கள் வளர்ந்து, ஆய்வகத்தில் பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் தட்டு முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

கவரின் மேல் "குதிரை, பக்கத்தில் மாடு உண்டு" என்று கண்டிப்பாக எழுதுங்கள். ஈக்வினம் வகைக்கு வளர்ப்பு ஊடகத்தில் நிக்கோட்டினிக் அமிலம் வேண்டும். வெருகோசத்துக்குத் தயமின் வேண்டும், 37 டிகிரி சூடு வேண்டும், நாளும் அதிகம் வேண்டும். இது தெரியாமல் சாதாரணத் தட்டில் போட்டுவிட்டு "வளரவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் உங்களுக்குத்தான் நஷ்டம்.

மலைச்சாரல் (ஊட்டி)

டாக்டர், பூனைக்கெல்லாம் ஊதா விளக்கு அடித்துப் பார்க்கிறார்களே, பச்சையாக மின்னினால் படர்தாமரை என்று. குதிரைக்கும் அது போதாதா?

லாயத்து டாக்டர்

பூனையில் வரும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் அந்த விளக்கில் மின்னும். ட்ரைக்கோஃபைட்டான் ஈக்வினம் மின்னாது. குதிரைக்கு விளக்கு அடித்து, ஒன்றும் தெரியவில்லை, நோய் இல்லை என்று முடிவு கட்டுவது ஆபத்து. முடியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் முடித்தண்டைச் சுற்றி வித்துகள் மணிமணியாக ஒட்டியிருப்பது தெரியும், அதற்கு ஒரு மணி நேரம் போதும். வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். மரபணுவை வைத்துக் கிருமியைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனை கிடைத்தால் அதைவிட விரைவு.

பந்தயலாயம்

டாக்டர் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதற்கு இவ்வளவு ஏன்? படர்தாமரை தானாகவே போகும் நோய். இரண்டு மூன்று மாதத்தில் முடி பழையபடி முளைத்துவிடும். எத்தனையோ குட்டிகளுக்கு மருந்தே இல்லாமல் சரியானதைப் பார்த்திருக்கிறேன். குதிரைக்குக் காய்ச்சலும் இல்லை, வலியும் இல்லை. ஆய்வகத்துக்கு அலைவதற்குப் பதில் வெயிலில் விட்டு நல்ல தீனி போட்டால் போதாதா?

லாயத்து டாக்டர்

தானாகப் போகும் என்பது உண்மை. வெயிலும் தீனியும் உதவும் என்பதும் உண்மை. ஆனால் அந்த இரண்டு மூன்று மாதமும் குதிரை உதிர்க்கும் ஒவ்வொரு முடியிலும் வித்து இருக்கும். அந்த வித்து மரச்சட்டத்திலும் பிரஷ்ஷிலும் சேணத்துணியிலும் ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். இந்தக் குதிரைக்குச் சரியாகும், அடுத்த வருடம் வரும் குட்டிக்கு அதே தூணிலிருந்து வரும். மருந்து போடுவது நோய் நாளைக் குறைக்க மட்டுமில்லை, வித்து கொட்டுவதைக் குறைக்கவும்தான். பத்து குதிரை நிற்கும் லாயத்தில் இது ஒரு சீசனையே விழுங்கிவிடும்.

அப்புறம் சீமை அகத்தி. அதில் இருக்கும் கிரைசோஃபானிக் அமிலம் பூஞ்சையை அடக்கக்கூடியது. மனிதர்களின் படர்தாமரைக்கு நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவருவது வெறும் நம்பிக்கை இல்லை. ஆனால் மாதிரி எடுத்த பிறகு போடுங்கள். குதிரை நக்கக்கூடிய இடத்தில் வேண்டாம், அந்த இலை பேதியை உண்டாக்கும். குதிரைக்கு வயிறு கெட்டால் படர்தாமரையைவிட அதுதான் பெரிய தலைவலி.

தோல்மருத்துவி

நான் பார்ப்பது மனிதர்களை, குதிரைகளை அல்ல. ஆனால் அந்தக் களிம்பைப் பற்றிக் கேட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து அதைக் குதிரைக்கும் போடாதீர்கள், பிள்ளைகளுக்கும் போடாதீர்கள்.

குளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. அது செய்வது ஒன்றுதான்: தோல் காட்டும் எதிர்ப்பை அமுக்கிவிடும். சிவப்பு மறையும், ஊறல் அடங்கும், மருந்து வேலை செய்கிறது என்று மனசு நம்பும். அடியில் பூஞ்சை தடையில்லாமல் பரவும். நம் நாட்டில் கடந்த சில வருடங்களாகச் சாதாரணப் படர்தாமரை ஏன் அடங்காத நோயாக மாறியது என்று கேட்டால், இந்தக் கலவைக் களிம்புகளுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படாத வகைகள் பரவி, 2020-இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று ஒரு பூஞ்சைக்கு நம் நாட்டின் பெயரைச் சேர்த்துப் பெயர் வைக்கும் நிலை வந்தது. என் அறைக்கு வருகிறவர்களில் தொடை முழுக்க, இடுப்பு முழுக்க வளையம் வளையமாகப் படர்ந்து, தோல் மெலிந்து கோடு விழுந்து, வெட்கப்பட்டுக்கொண்டு கடைசியில் வருகிறவர்களைப் பார்க்கும்போது கோபம்தான் வருகிறது. அவர்கள்மேல் இல்லை, அந்தக் குழாயைக் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறவர்கள்மேல்.

பிள்ளைகளின் கை, முன்கை, கழுத்து, தலைமுடி ஆகியவற்றை வாரம் ஒரு முறை பாருங்கள். குதிரையைக் கட்டிப்பிடிக்கிற இடங்களில்தான் முதலில் வரும்.

வயல்வெளி

டாக்டர், இடையில் ஒரு கேள்வி. எங்கள் மட்டக்குதிரைக்கு முன்னங்காலில் ஒரு புண். குளத்தோரம் மேய்கிற குதிரை. பூஞ்சை என்று சொல்லி மருந்து போட்டுக்கொண்டிருக்கிறோம், ஆனால் புண் பெருத்துக்கொண்டே போகிறது. ஒரே அரிப்பு, பல்லால் கடித்துக் கிழித்துக்கொள்கிறது. அழுத்தினால் ரத்தநீரோடு மஞ்சளும் சாம்பலுமாகக் கடினமான துணுக்குகள் வருகின்றன.

லாயத்து டாக்டர்

வயல்வெளி, இந்தப் பதிவைப் படித்ததும் மருத்துவரைக் கூப்பிடுங்கள், நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே. தேங்கிய தண்ணீர், வேகமாகப் பெருக்கும் புண், தாங்க முடியாத அரிப்பு, கிளை பிரிந்த கடினத் துணுக்குகள், இதெல்லாம் பித்தியோசிஸை நினைக்கவைக்கிறது. பித்தியம் இன்சிடியோசம் என்ற உயிரி குளத்து நீரில் நீந்தும் வித்துகளை விடும். அவை சிறு காயம் வழியாகத் தோலுக்குள் போகும். பிரேசிலின் பாந்தனால் சதுப்பு நிலத்தில் குதிரைகளைத் தின்னும் நோய் இது. தாய்லாந்திலும் உண்டு, அங்கே தலசீமியா என்ற ரத்த நோய் உள்ள மனிதர்களையும் தாக்குகிறது.

பூஞ்சை மருந்து வேலை செய்யாததற்குக் காரணம் இருக்கிறது. பூஞ்சை போல இழை விட்டு வளர்ந்தாலும் அது பூஞ்சை இனமே இல்லை. நம் மருந்துகளில் பல எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைக் குறிவைக்கின்றன. பித்தியத்தின் சவ்வில் அது கிட்டத்தட்ட இல்லை. சீக்கிரம் பிடித்தால் முழுவதுமாக வெட்டி எடுக்க முடியும். எலும்பு வரை போய்விட்டால் குதிரையைக் காப்பாற்றுவது கடினம். ஈ சுமந்துவரும் புழுவால் வரும் கோடைப்புண்ணும் இதே மாதிரி தெரியும், அதனால் திசு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

காலில் நிணநீர்க் குழாய் ஓடும் வழியிலேயே வரிசையாக முடிச்சு வந்து உடைந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். எத்தியோப்பியாவின் வண்டிக் குதிரைகளை வாட்டும் எப்பிசூட்டிக் லிம்ஃபாஞ்சைட்டிஸ் என்ற பூஞ்சை நோய் அப்படித்தான் வரும். கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோயும் அதே உருவில் வரும். கிளாண்டர்ஸ் மனிதனையும் கொல்லும், நம் நாட்டில் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்.

செவலைக்காரன் (ஈரோடு மாவட்டம்)

எல்லோருக்கும் நன்றி. மாதிரி கொடுத்துவிட்டேன். நுண்ணோக்கியில் முடியைச் சுற்றி வித்து தெரிகிறது, படர்தாமரைதான் என்றார்கள். வகை தெரிய வளர்ப்புச் சோதனைக்குக் காத்திருக்க வேண்டும். எங்கள் மருத்துவர் எனில்கொனசோல் என்ற பூஞ்சைக் கரைசல் எழுதிக் கொடுத்திருக்கிறார். வட்டத்துக்கு மட்டும் போடுவதா, உடம்பு முழுக்கவா? சேணம், அங்கவடி, கடிவாளம், கொட்டகை எல்லாவற்றையும் எப்படிச் சுத்தம் செய்வது? ப்ளீச் ஊற்றலாமா? இணையத்தில் பிளாஸ்மா பேனா என்று ஒன்று விற்கிறார்கள், கிருமி, பூஞ்சை எல்லாவற்றையும் கொல்லுமாம். அதை வைத்துச் சேணத்தையும் குதிரையையும் ஒரே வேலையாக முடித்துவிடலாமா? இரும்புச் சாமான் கெட்டுப்போகுமா?

லாயத்து டாக்டர்

உடம்பு முழுக்க. பார்வைக்கு நன்றாக இருக்கும் முடியிலும் வித்து ஒட்டியிருக்கும். 0.2 சதவீதக் கரைசலாகக் கலந்து, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை என நான்கு முறை. முதல் தடவை பொருக்கை மென்மையான பிரஷ்ஷால் ஊறவைத்து நீக்கிவிட்டு ஊற்றுங்கள், பிறகு அலசாமல் காயவிடுங்கள். முடியை மெஷின் போட்டு வெட்ட வேண்டாம், வெட்டுக்காயம் வழியாக இன்னும் பரவும். சேணம் பூட்ட வேண்டாம். இரண்டு குதிரைக்கும் தனித்தனி பிரஷ், தனித்தனி துணி. செவலை சினையாக இருந்தால் கிரிசியோஃபுல்வின் என்ற பூஞ்சை மாத்திரையை யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள், கருவுக்குக் கேடு.

கொட்டகைக்கு ப்ளீச் சரி, ஆனால் ஒரு எச்சரிக்கை. குதிரை மூத்திரத்தில் அம்மோனியா உண்டு. அதன்மேல் நேராக ப்ளீச் ஊற்றினால் நுரையீரலைப் புண்ணாக்கும் குளோரமின் வாயு வரும். குதிரைகளை வெளியே கட்டிவிட்டு, சாணம், முடி எல்லாம் பெருக்கி எரித்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, அதற்குப் பிறகுதான் பத்துக்கு ஒன்று என்று கலந்த ப்ளீச். அழுக்குமேல் ஊற்றும் ப்ளீச் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும், வித்து வரைக்கும் போகாது.

உலோகமும் பிளாஸ்மாவும் என் துறை இல்லை.

உலோகப்பித்தன்

அது என் துறை. பொருளறிவியல் ஆய்வில் இருக்கிறேன், பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயு, படும் உலோகங்களில் குறை எப்படிப் பிறக்கிறது என்பதைத்தான் தினமும் பார்க்கிறேன். நேராகப் பதில்: பிளாஸ்மா பேனாவால் உங்கள் அங்கவடிக்கு ஒன்றும் ஆகாது. ப்ளீச்சால் ஆகும்.

துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன்மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு படலம். அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ப்ளீச்சில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைக்கும். உடைந்த புள்ளியில் குழி விழும், குழிக்குள் அமிலம் சேரும், குழி ஆழமாகும். வெளியே ஊசிமுனை அளவு தெரிந்தாலும் உள்ளே அகலமாக அரித்திருக்கும். கடிவாளத்தின் வாய்க்கம்பியில் அப்படிக் குழி விழுந்தால் அது குதிரையின் நாக்கை அறுக்கும். வாய்க்கம்பி, அங்கவடி, கொக்கி எல்லாவற்றையும் தோலிலிருந்து கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள், போதும். தோல் சாமானுக்கு ப்ளீச்சும் வேண்டாம், கொதிநீரும் வேண்டாம். சேண சோப்பால் துடைத்து, டாக்டர் சொன்ன பூஞ்சைக் கரைசலால் ஒற்றி, நிழலில் காயவையுங்கள்.

இனி பிளாஸ்மா. அந்தப் பேனா மாதிரியான சாதனங்கள் காற்றழுத்தத்திலேயே குளிர் பிளாஸ்மாவை உண்டாக்குகின்றன. எலக்ட்ரான்கள் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும், வாயு கைச்சூட்டில் இருக்கும். அதில் பிறக்கும் ஓசோனும் ஹைட்ராக்சில் போன்ற துடிப்பான மூலக்கூறுகளும்தான் கிருமியைக் கொல்கின்றன. ஆய்வகத் தட்டில் படர்தாமரைப் பூஞ்சையையும் இது அடக்குகிறது. ஆனால் வேலை நடப்பது மேற்பரப்பில், ஒரு விரல்நுனி அகலத்தில். முடிக்காலுக்குள் இருக்கும் பூஞ்சையை அது எட்டுவது கடினம், ஒரு முழுக் குதிரையை அதை வைத்துத் துழாவவும் முடியாது. இணையத்தில் விற்கும் பேனாவில் எவ்வளவு ஓசோன் வருகிறது என்று எழுதியிருக்கவும் மாட்டார்கள். காசை எனில்கொனசோலுக்கு வையுங்கள்.

இரும்பு ஏன் கெடாது என்றால், காற்றழுத்தத்தில் ஓர் அயனி (மின்னூட்டமுள்ள அணு), மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் வேறொன்றில் மோதிச் சக்தியை இழந்துவிடும். உலோக அணுவை இடத்தைவிட்டுத் தள்ளும் அளவு வேகம் அதற்குச் சேர்வதே இல்லை.

ஹைட்ரஜன் அணுக்களைப் பிணைத்துச் சக்தி எடுக்கும் அணுப்பிணைவு உலையில் நிலைமை வேறு. பிரான்சில் கட்டிவரும் இட்டர் உலையில் பிளாஸ்மா நேராக அடிக்கும் இடத்தில் டங்ஸ்டன் போடுகிறார்கள். 3,422 டிகிரி செல்சியஸ் வரை உருகாத உலோகம். அதில் ஓர் அணுவைத் தள்ள சுமார் 90 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் சக்தியை அளக்கும் அலகு) வேண்டும். பிணைவில் பிறக்கும் ஹீலியம் மிக லேசானது என்பதால் நேருக்கு நேர் மோதினாலும் தன் சக்தியில் 8 சதவீதம்தான் டங்ஸ்டனுக்குக் கொடுக்க முடியும். கணக்குப் போட்டால் ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் சேதம் வர வேண்டும். ஆனால் வெறும் சில பத்து எலக்ட்ரான் வோல்ட் ஹீலியத்திலேயே, 1,000 முதல் 2,000 கெல்வின் சூட்டில், பளபளவென்ற டங்ஸ்டன் பரப்பு கறுத்துப் பஞ்சாகிவிடுகிறது. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகக் குழு 2006-இல் இதை வெளியிட்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் பரப்பு முழுக்க நானோமீட்டர் அளவு இழைகள், நுனிவரை ஹீலியக் குமிழ்கள்.

மோதித் தள்ளுவதால் வருவதில்லை இது. ஹீலியத்துக்கு டங்ஸ்டனுக்குள் இருக்கப் பிடிக்காது, ஆனால் நுழைந்த பிறகு அணுக்களுக்கு நடுவே சுலபமாக ஓடும். ஓடுகிற அணுக்கள் ஒன்றையொன்று கண்டதும் கூட்டம் கூடும். சில அணுக்கள் சேர்ந்ததும் அந்த அழுத்தத்தில் ஒரு டங்ஸ்டன் அணு தானாகப் பிதுங்கி வெளியேறும். காலியான அந்த இடத்தில் ஹீலியம் குடியேறும், இன்னும் வரும், குமிழாகும். தள்ளும் சக்தி இல்லாமலே உலோகத்துக்குள் குறை பிறக்கும் இந்த வழி எனக்கு இன்றுவரை அலுக்கவில்லை. காந்திநகரில் இருக்கும் பிளாஸ்மா ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் நம்மவர்களும் இந்தத் துறையில் வேலை செய்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள் யாராவது இந்த உரையாடலைப் பார்த்தால் விசாரியுங்கள்.

பந்தயலாயம்

வித்து ஒரு வருடம் கிடக்கும் என்பதைப் படித்ததும் எங்கள் பழைய பிரஷ்களை எல்லாம் எரித்துவிடச் சொல்லிவிட்டேன். டாக்டர், எப்போது குணமாகிவிட்டது என்று முடிவு செய்வது? முடி முளைத்தால் போதுமா?

லாயத்து டாக்டர்

போதாது. முடி முளைக்கும்போதும் வித்து ஒட்டியிருக்கலாம். புதிய டூத் பிரஷ் ஒன்றை உடம்பு முழுக்கச் சீவி, அதை அப்படியே வளர்ப்புத் தட்டில் ஒற்றிப் பார்ப்பது நல்ல வழி. அது சுத்தமாக வந்த பிறகு மற்றக் குதிரைகளோடு விடுங்கள். அதுவரை சந்தை, விழா ஊர்வலம், கல்யாண வாடகை எதற்கும் அனுப்ப வேண்டாம். புதிய குதிரை வாங்கினால் இனி நான்கு வாரம் தனியாகக் கட்டுங்கள்.

செவலைக்காரன், கொட்டகையில் இருக்கும் கன்றுக்குட்டிகளின் கண்ணைச் சுற்றியும் காதிலும் தடித்த வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் அதிலும் ஒரு மாதிரி எடுத்துத் தனிக் கவரில் அனுப்புங்கள்.

செவலைக்காரன் (ஈரோடு மாவட்டம்)

பார்த்தேன். ஒரு கன்றுக்கு இரண்டு கண்ணைச் சுற்றியும் இருக்கிறது. காலையில் எடுத்து அனுப்புகிறேன். சின்னவன் முழங்கைக்கு மேல் ஒரு சிவப்பு வளையமும் இருக்கிறது.

தோல்மருத்துவி

பயப்பட வேண்டாம், குணமாகும். ஆனால் கடையில் எதுவும் வாங்காமல் நேராகத் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வீட்டில் குதிரைக்கும் கன்றுக்கும் படர்தாமரை இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். விலங்கிலிருந்து வருவது மனிதத் தோலில் சில சமயம் சீழ்க்கட்டி போல வீங்கும், தெரியாதவர்கள் கீறிவிடுவார்கள். தலையில் ஏதாவது தடிப்பு இருக்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள். தலைமுடியில் வந்தால் களிம்பு போதாது, மாத்திரை வேண்டும்.